வேதாளையில் நின்றுவிட்ட மேய்ப்பர்

உடன்குடியிலிருந்து மணப்பாட்டுக்கு நடந்தே போய்விடலாம். பனங்காடுகளின் ஊடே சென்று தேரி மணலைத் தாண்டினால் கடற்காற்று முகத்தில் அடிக்கும். தவக்காலத்து வெள்ளியொன்றில் நம் பங்கு இளைஞர்களோடு அவ்வாறு நடந்து போனேன். சிலுவைப்பாதை முடிந்தபின், சவேரியார் தங்கியிருந்து செபித்ததாக நம் முன்னோர் சொல்லிவந்த குகையின் அருகே அமர்ந்தோம். அந்த மணல்மேட்டில் உட்கார்ந்தால் பேச்சு தானாகவே பழங்கதைக்குத் திரும்பிவிடும். அன்று நான் அந்தோணி கிரிமினாலி என்ற குருவைப் பற்றிச் சொன்னேன். பெயரைக் கேட்டதும் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டனர். அது இத்தாலியக் குடும்பப் பெயர். எனினும் அவர்கள் சிரித்ததில் பிழையில்லை. குற்றவாளிகளுள் ஒருவராக எண்ணப்பட்டவரின் சீடருக்கு அப்படியொரு பெயர் வாய்த்ததில் எனக்குக்கூட ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

கதை முடிந்ததும் படகுப் பொறி பழுது பார்க்கும் தொழில் செய்யும் இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சாமி, ஒரு சந்தேகம். அருளானந்தரை வேதத்துக்காக வெட்டினாங்க. தேவசகாயம் பிள்ளையை வேதத்துக்காகச் சுட்டாங்க. இவரு சுங்கச் சண்டையில மாட்டிக்கிட்டுச் செத்தவருதானே? இவரை எப்படி வேதசாட்சின்னு சொல்லுறது?"

குருமடத்தில் இறையியல் பேராசிரியர் முன்னால் நின்று விடை சொல்வதைவிட அந்த மணலில் விடை சொல்வது கடினமாயிருந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீடு திரும்பியபின்னும் கேள்வி என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை அந்த இளைஞருக்கு நான் கடன்பட்டிருக்கும் விடை.

முதலில் மனிதரை அறிந்துகொள்வோம். இத்தாலி நாட்டில் பார்மா நகருக்கு அருகிலுள்ள சிஸ்ஸா என்னும் ஊரில் 1520-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் பிறந்தவர் அந்தோணி கிரிமினாலி. புனித இஞ்ஞாசியார் நிறுவிய இயேசு சபைக்குத் திருத்தந்தை ஒப்புதல் வழங்கியது 1540-இல். இரண்டே ஆண்டுகளில், 1542-இல், இந்த இளைஞர் அதில் சேர்ந்தார். அங்கிருந்து போர்த்துக்கல் நாட்டின் கோயிம்பிரா நகருக்கு அனுப்பப்பட்டார், 1544-இல் குருவானார், 1545-ஆம் ஆண்டு செப்டம்பரில் கோவாவில் கரையிறங்கினார். அப்போது வயது இருபத்தைந்து. அங்கிருந்து அவர் வந்து சேர்ந்த இடம் நம்முடைய முத்துக்குளித்துறை.

அன்றைய முத்துக்குளித்துறையை இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது. முத்துச் சிலாபத்தின் உரிமை குறித்து எழுந்த கொடிய பூசலில் நெருக்குண்ட பரதவ மக்கள் 1530-களில் கொச்சிக்குத் தூது அனுப்பிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடினர். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். அவர்கள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பாதுகாப்புக்காக ஏற்ற வேதம் என்று இதனை இகழ்ந்து பேசுவோர் உண்டு. பாதுகாப்புத் தேடாமல் கடவுளைத் தேடிய மக்கள் விவிலியத்திலேனும் இருக்கிறார்களா என்று நான் அவர்களைத் திருப்பிக் கேட்பதுண்டு. ஆயினும் ஒன்றை மறுப்பதற்கில்லை. அன்று தொட்டு இம்மக்களின் வேதமும் போர்த்துக்கீசியரின் வாணிகமும் ஒரே கயிற்றில் முறுக்குண்டன. போர்த்துக்கீசியத் தளபதி பேராசைப்பட்டால் அடி விழுவது கரையோரக் குடிசைகளின் மேல்.

சவேரியார் 1544-ஆம் ஆண்டில் மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து தம் துணைவர் பிரான்சிஸ் மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் இது தெளிவாகும். அவ்வாண்டு ஜூன் மாதம் விசயநகரப் பேரரசைச் சார்ந்த வடுகர் படை குமரிமுனைப் பக்கத்து ஊர்களில் புகுந்தது. (இந்த வடுகரை நீலகிரியில் வாழும் படகர் மக்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, ஐரோப்பியர் எழுதிய எழுத்துக்கூட்டலால் நேர்ந்த மயக்கம் அது.) மக்கள் கடலிலுள்ள பாறைகளில் ஏறிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உதவிப் பொருள்களோடு புறப்பட்டார். காற்று எதிர்த்தது, தோணிகள் முன்னேற முடியவில்லை. அவர் திரும்பி வந்து கால்நடையாகப் போனார். செப்டம்பர் மாதம் அதே துன்பம் தூத்துக்குடிக்கு வந்தது. அங்கிருந்த போர்த்துக்கீசியத் தளபதி அக்கரை இக்கரை பாராமல் குதிரை வாணிகம் செய்து சவேரியாரின் மனத்தைப் புண்படுத்தியவர். அவருடைய கப்பல் எரிந்தது, வீடு எரிந்தது, அவர் தீவுக்கு ஓடினார். ஆலந்தலையிலிருந்த சவேரியார் என்ன எழுதினார்? புன்னைக்காயலின் தோணிகளில் குடிநீர் ஏற்றிக்கொண்டு உடனே அவருக்கு உதவப் போகும்படி மான்சிலாசைக் கேட்டுக்கொண்டார். வெறுக்கத்தக்க மனிதருக்கும் தாகத்துக்குத் தண்ணீர். நம் கடற்கரையின் முதல் மறைக்கல்வி ஏடு அந்தக் கடிதந்தான் என்று நான் எண்ணுவதுண்டு.

இந்தப் பள்ளியில்தான் கிரிமினாலி பாடம் படித்தார். அவர் நம் மொழியைப் பேசியதோடு நில்லாமல் எழுதப் படிக்கவும் கற்றுக்கொண்டார். கரை நெடுக ஊர் ஊராகக் கால்நடையாகச் சென்றார். மக்கள் உண்ட சோற்றை உண்டார், தரையில் படுத்தார். சவேரியார் ஊர்தோறும் ஏற்படுத்திவைத்த கணக்கப்பிள்ளைமாரே செபங்களைச் சொல்லிக்கொடுத்து வந்தனர். அவர்களைச் சந்திப்பது, பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பது, சாவோரின் பக்கத்தில் இருப்பது, பகைத்தவர்களைச் சேர்த்துவைப்பது — இவைதாம் அவருடைய வேலை. பங்குக் குருவுக்கு இன்றும் இவைதாம் வேலை. வியப்பு ஏதும் இதில் இல்லை.

மொலுக்கா தீவுகளிலிருந்து திரும்பிய சவேரியார் 1548-இன் தொடக்கத்தில் இக்கரைக்கு வந்து, இங்கு உழைத்த இயேசு சபையினரை மணப்பாட்டில் ஒன்றுகூட்டினார். ஆம், அன்று நாங்கள் உட்கார்ந்திருந்த அதே மணப்பாடு. அங்கேதான் கிரிமினாலியை இக்கரையின் தலைவராக நியமித்தார். அன்றீக் அடிகளாரைத் தமிழ் கற்று அதற்கு இலக்கணம் எழுதுமாறு பணித்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் அனைவருக்குமான அறிவுரை ஒன்றையும் எழுத்தில் கொடுத்தார். அந்த அறிவுரையின் இரண்டு செய்திகள் என் நெஞ்சில் தங்கியவை. மக்கள் உங்களை நேசிக்கும்படி வாழுங்கள் என்பது ஒன்று. போர்த்துக்கீசியர் முன்னிலையில் இந்நாட்டுக் கிறிஸ்தவர்களைக் குறைவாகப் பேசாதீர்கள், அவர்கள் பக்கம் நின்று அவர்களுக்காகப் பேசுங்கள் என்பது மற்றொன்று. வெள்ளைத் துரைகளின் தயவில் வாழ்ந்த காலத்தில் ஒரு வெள்ளைக் குரு எழுதியது இது. கிரிமினாலி இதைக் கேட்டுக்கொண்டு போனார். பதினாறு மாதங்களுக்குள் அதன்படியே நின்றார்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் கொச்சியிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதியபோது சவேரியார் இவரைப் புனிதமானவர் என்றும், இந்நாட்டில் உழைப்பதற்கென்றே பிறந்தவர் என்றும் புகழ்ந்தார். கிறிஸ்தவர் மட்டுமன்றி இந்துக்களும் இசுலாமியரும் இவரை விரும்புவதாகவும் தெரிவித்தார். சவேரியார் எளிதில் புகழ்பவர் அல்லர். தம் சபைக்காரர் சிலரை ஒரே வரியில் வேலையிலிருந்து நீக்கிய கைதான் இதையும் எழுதியது.

இனி வேதாளைக்குப் போவோம். நம் கரையிலிருந்து வடகிழக்காக, மன்னார் வளைகுடாவின் ஓரமாகவே சென்றால், மண்டபத்துக்குச் சற்று முன்னால் வரும் சிற்றூர் அது. அங்கே நிலம் ஒடுங்கிவிடும். ஒருபுறம் மன்னார்க் கடல், மறுபுறம் பாக்கு நீரிணை. இராமேசுவரம் போகிற எவரும் அந்தக் குறுகலான நிலத்தைக் கடந்தே ஆகவேண்டும். அந்த இடத்தைத் தெரிந்துதான் போர்த்துக்கீசியர் அங்கே ஒரு சிறு அரண் அமைத்திருந்தனர். தளபதியின் பெயர் ஜுவான் பெர்னாண்டஸ் கொர்ரேயா. வீரர்கள் நாற்பது பேரளவில் இருந்தனர். தளபதி வழியை மறித்து அகழி தோண்டினார். இராமேசுவரத்துக்குப் போகும் பயணிகளிடம் தீர்வை கேட்டார்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். காசியிலிருந்து கங்கைநீர் சுமந்து கால் தேய நடந்துவரும் ஓர் அடியவரை, கோவில் கோபுரம் கண்ணுக்கு எட்டும் தொலைவில், வேற்று நாட்டான் ஒருவன் தடுத்து நிறுத்திக் காசு கேட்கிறான். நம் பனிமய அன்னையின் திருவிழாவுக்கு வரும் மக்களை எவரேனும் அவ்வாறு மறித்தால் நாம் என்ன செய்வோம்? கோவிலார் முறையிட்டனர். படை வந்தது. அந்தப் படையின் சினத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம்முடைய பழைய பங்கு வரலாறுகள் பலவும் 'கொடிய வடுகர்' என்று ஒரு சொல்லில் இதை முடித்துவிடுகின்றன. தளபதி தோண்டிய அகழியைச் சொல்லாமல் குருவின் சாவை மட்டும் சொல்வது வரலாறு ஆகாது.

அது 1549-ஆம் ஆண்டு. மே மாத இறுதிக்கும் ஜூன் நடுவுக்கும் இடைப்பட்ட நாள்கள். கிரிமினாலி அப்போது வேதாளைக் கிறிஸ்தவர்களைச் சந்திக்க வந்திருந்தார். ஆயிரக்கணக்கில் வந்த படைக்கு முன்னால் நாற்பது பேர் எம்மாத்திரம்? வெடிமருந்தும் போதவில்லை. வீரர்கள் கடலோரம் நின்ற மரக்கலங்களை நோக்கி ஓடினர். குருவையும் ஏறும்படி அழைத்தனர். அவர் ஏறவில்லை. கரையில் பெண்களும் குழந்தைகளும் கிறிஸ்தவக் குடும்பங்களும் அலறிக்கொண்டு நின்றிருந்தனர். அவர்களைத் தோணிகளில் ஏற்றிவிடுவதிலேயே அவர் முனைந்திருந்தார். ஏற்ற முடிந்தவர்களை ஏற்றினார். ஏறாதவர்களோடு நின்றார்.

எஞ்சியதை அவருடைய சபைத் தோழர்கள் ஐரோப்பாவுக்கு எழுதியனுப்பிய செய்திகளைக்கொண்டே அறிகிறோம். படையினர் நெருங்கியபோது அவர் முழந்தாளிட்டுக் கைகளை உயர்த்தினார். முதலில் வந்தவர்கள் அவரைத் தொடாமல் கடந்துபோயினர். மீண்டும் எழுந்து மக்களிடம் போனார். இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை ஒருவன் ஈட்டியால் விலாவில் குத்தினான், மற்றவர்களும் குத்தினர். ஆடையை உரிக்க வந்தவர்களுக்கு அவரே அதைக் கழற்ற உதவினார். பின்பு தலை வெட்டப்பட்டது. தலையும் குருதி படிந்த உடையும் உயரத் தொங்கவிடப்பட்டன. அவருக்கு வயது இருபத்தொன்பது. நம் மாநிலத்தில் இன்று குருப்பட்டம் பெறும் இளைஞர்களின் வயது ஏறத்தாழ அதுதான்.

சவேரியார் அப்போது சப்பான் நாட்டை நோக்கிக் கடற்பயணத்தில் இருந்தார். ஆகஸ்டு 15-இல் அவர் ககோசிமாவில் இறங்கினார். தாம் மணப்பாட்டில் தலைவராக்கிவந்த இளைஞரின் சாவுச் செய்தி அவரை எட்ட வழியில்லை.

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். கேள்வி பழையது, பெரியவர்களும் கேட்டதுதான். வேதசாட்சி என்பதற்குத் திருச்சபை நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் அளவுகோல், கொல்பவரின் மனத்தில் விசுவாசத்தின்மீது பகை இருக்கவேண்டும் என்பது. பதினெட்டாம் நூற்றாண்டில், பின்னாளில் பதினான்காம் பெனடிக்ட் என்னும் திருத்தந்தையாகிய லம்பெர்தீனி, புனிதர் பட்டம் குறித்த தம் பெருநூலில் இதனை நுணுகி வரையறுத்தார். இந்தக் கோலால் அளந்தால் கிரிமினாலியின் வழக்கு சிக்கலானதே. ஈட்டி எறிந்தவன் பகைத்தது திருவிவிலியத்தையா, தீர்வை வாங்கும் சாவடியையா? ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் அருளானந்தர் வெட்டுண்டதற்குக் காரணம் வெளிப்படையானது. அவர் 1947-இல் புனிதரானார். ஆரல்வாய்மொழியில் 1752-இல் சுடப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் வழக்கும் தெளிந்து, 2022 மே 15-இல் அவர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். இயேசு சபை தன் முதல் வேதசாட்சி என்று கொண்டாடும் கிரிமினாலியோ இன்றுவரை பீடத்துக்கு உயர்த்தப்படவில்லை.

எனினும் அந்த அளவுகோலுக்கும் முந்தியது புனித தோமா அக்குவினாசின் பார்வை. விசுவாசம் மட்டுந்தான் வேதசாட்சியத்துக்குக் காரணமாகுமா என்று அவர் கேட்கிறார். திருமுழுக்கு யோவானை எடுத்துக்காட்டுகிறார். யோவானிடம் எவரும் விசுவாசத்தை மறுதலிக்கச் சொல்லவில்லை. ஏரோதின் முறைகெட்ட மணத்தைக் கண்டித்ததற்காகவே அவர் தலை வெட்டப்பட்டது. ஆயினும் திருச்சபை அவரை வேதசாட்சியாக வணங்குகிறது. ஏனெனில் கடவுளைக் குறித்துச் செய்யப்படும் நற்செயல் ஒவ்வொன்றும் விசுவாசத்தின் அறிக்கையே. அதற்காகச் சாவதும் சாட்சியமே. குருமடத்தில் இதைப் படித்தபோது தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். வேதாளையை நினைக்கும்போதுதான் பொருள் விளங்கியது.

நம் காலத்தில் திருச்சபையே இப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அவுசுவிச் சிறை முகாமில் 1941-இல், சாவுக்குக் குறிக்கப்பட்ட ஒரு குடும்பத் தலைவருக்குப் பதிலாகத் தாமே முன்வந்த மாக்சிமிலியன் கோல்பே அடிகளார் 1971-இல் அருளாளராக்கப்பட்டபோது வேதசாட்சி என்னும் பெயரில் ஆக்கப்படவில்லை. 1982-இல் அவரைப் புனிதராக்கிய இரண்டாம் யோவான் பவுல் வேதசாட்சி என்றே அறிவித்தார். பின்னர் 2017 ஜூலை 11-இல் திருத்தந்தை பிரான்சிஸ் புதிய வழி ஒன்றைத் திறந்தார். அன்பின் பொருட்டு, உறுதியாய் வரவிருக்கும் சாவை மனமுவந்து ஏற்று உயிரைக் கையளிப்போரும் புனிதர் நிலைக்கு ஆய்ந்து உயர்த்தப்படலாம் என்பது அது. கிரிமினாலிக்கு இந்தக் கதவு பொருந்துமா என்பதைத் தீர்ப்பவர்கள் உரிய அதிகாரிகள். ஒரு கிராமத்துப் பங்குக் குருவின் கருத்தைக் கேட்டால், அவருக்குப் பழைய கதவே போதும் என்பேன். கொன்றவன் சாவடியைப் பகைத்திருக்கலாம். நின்றவர் சாவடிக்காக நிற்கவில்லை. சாவடியைக் காத்திருக்க வேண்டியவர்கள் மரக்கலத்தில் ஏறிவிட்டிருந்தனர். கரையில் எஞ்சியிருந்தது ஆடுகள் மட்டுமே. கூலிக்கு மேய்ப்பவர் ஓநாய் வருவதைக் கண்டு ஓடுவார் என்று ஆண்டவர் சொன்னது அந்த மணலில் அப்படியே நடந்தது. ஓடாமல் ஒருவர் நின்றார். அந்த நிலைக்கு விசுவாச அறிக்கை என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர் ஓடியிருந்தால் பாவம் என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இக்கரையின் தலைவர் அவர், மொழி தெரிந்தவர், மிகச் சில குருக்களே இருந்த காலம். 'தப்பிப் பிழைத்து இன்னும் இருபது ஆண்டு உழைப்பதே அறிவுடைமை' என்று நானே அவருக்கு ஆலோசனை கூறியிருப்பேன். புயல் எச்சரிக்கை வந்த இரவொன்றில், பங்குவீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கரையோரக் குடிசைகளில் இருந்தவர்கள் ஈரப் பாய்களோடு கோவில் வாசலில் ஒதுங்கியிருந்ததை விடியற்காலையில்தான் கண்டேன். எவரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு மூதாட்டி, "சாமி தூங்கட்டும்னு எழுப்பலை" என்றார். அந்தச் சொல் இன்னும் குத்துகிறது. ஆகவே கிரிமினாலியைப் பற்றி எழுதும்போது என் பேனா எளிதில் ஓடுவதில்லை.

அவருக்குப்பின் தோழர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அவர்தாம் அன்றீக் அடிகளார். கிரிமினாலி பிறந்த அதே 1520-இல் பிறந்தவர். அவருக்கு நீண்ட ஆயுள் கிடைத்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்தது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. 1586-இல் 'அடியார் வரலாறு' வந்தது. 1600 பிப்ரவரியில் புன்னைக்காயலில் இறந்து தூத்துக்குடியில் அடக்கம் பெற்றார். தமிழுலகம் அவரை அறியும். அச்சு வரலாறு எழுதுவோர் அவர் பெயரைச் சொல்லாமல் தொடங்குவதில்லை. மணப்பாட்டில் 1548-இல் அருகருகே அமர்ந்து சவேரியாரைக் கேட்ட இருவருள் ஒருவர் நூலாக நின்றார். மற்றவரை நம் பங்குகளில் பெரும்பாலோர் பெயரளவிலும் அறியார்.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஓரியூருக்குத் திருப்பயணம் போவது நம் பங்கின் வழக்கம். வருகிற ஆண்டு ஓரியூரில் பூசை முடிந்ததும் மண்டபம் சாலையில் வேதாளைவரை போய்த் திரும்புவது என்று பங்குப் பேரவையில் முடிவு செய்திருக்கிறோம். வாகன ஓட்டுநர் கணக்குப் போட்டுவிட்டு, "அங்க என்ன கோயில் சாமி இருக்கு?" என்று கேட்டார். கோவில் பார்க்கப் போகவில்லை, கடற்கரையைப் பார்க்கப் போகிறோம் என்றேன். கூடுதல் தொலைவுக்குக் கூடுதல் வாடகை கேட்டிருக்கிறார். அந்தத் தொகையை ஈடுகட்ட, அன்று மதியம் கடையில் சாப்பிடாமல் வீட்டிலிருந்தே கட்டுச்சோறு கொண்டுவரத் தாய்மார் இசைந்துள்ளனர். கேள்வி கேட்ட அந்த இளைஞர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார்.